கோவாவுக்கு ஐந்து பக்கங்கள்

பேக்ஸ் போகவில்லை என்று கம்ப்யூட்டர் சொன்னபோது தொபியாஸுக்கு முதலில் வந்தது எரிச்சல் இல்லை, நிம்மதிதான். அது வந்த வேகத்தைப் பார்த்து அவனுக்கே திடுக்கென்றது. யாரோ பார்த்துவிட்டதுபோல் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தான், பார்ப்பதற்கு யாரும் இல்லை, மதியச் சாப்பாட்டுக்குப் பிறகான வீடு, மின்விசிறி கறக் கறக் என்று ஓடிக்கொண்டிருந்தது, தெருவில் ஒருவன் பழைய பேப்பர் பழைய பேப்பர் என்று தூத்துக்குடி வெயிலைக் கிழித்துக்கொண்டு போனான். கண் இரண்டும் மிளகாய் பட்டதுபோல் எரிந்தன. மெட்ராஸ் ஐ. கல்லூரிப் பக்கமே வந்துவிடாதே என்று துறைத்தலைவர் போனிலேயே விரட்டிவிட்டார், அதனால்தான் வீட்டில் இருக்கிறான், அதனால்தான் இந்த வேலை அவன் தலையில் விழுந்தது. ‘இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கோவாவுக்குப் போய்ச் சேர்ந்துரணும், அஞ்சு பக்கம்தான்’ என்று எமரன்சியா காலையில் சீப்பைத் தலையில் செருகியபடி சொல்லிவிட்டுப் போனாள். ஐந்து பக்கம்தான். ஐந்து பக்கத்தில் அவள் கப்பல் ஏறிவிடுவாள். கோவா ஆராய்ச்சி நிலையம் தென்துருவக் கடலுக்கு அனுப்புகிற கப்பல், நான்கு மாதம், கடல் மிதவை உயிரிகளைப் படிக்கிறவர்களில் நாடு முழுவதற்கும் சேர்த்து ஒருத்தருக்குத்தான் இடம், அந்த ஒரே இடத்துக்குப் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே நாளில் விண்ணப்பம் போட்டார்கள், ஒரே கல்லூரி, ஒரே துறை, ஒரே வீடு, ஒரே தபால்பெட்டி. ‘நமக்குள்ள யாருக்குக் கெடைச்சாலும் ஒண்ணுதான்’ என்று அவன்தான் சொன்னான், தபாலாபீஸ் வாசலில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டே, பெரிய மனுஷன் மாதிரி. ஒண்ணுதான். அவளுக்குக் கிடைத்தது. ஒண்ணு இல்லை.

கல்லூரியிலேயே பேக்ஸ் மெஷின் இருக்கிறது, முதல்வர் அறையில், ஆனால் அங்கே எந்தத் தாளைக் கொடுத்தாலும் கிளார்க் அதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துவிட்டுத்தான் மெஷினுக்குள் விடுவார், விடுப்புக் கிடைக்கும்வரை விஷயம் வெளியே போகக் கூடாது என்று எமரன்சியா நினைத்தாள். ‘நம்ம வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கு, பிராட்பேண்ட் இருக்கு, நீ இருக்க’ என்றாள். மூன்றாவதாக அவன். மூன்றாவதாகவாவது இருக்கிறான். பிராட்பேண்ட் வந்து ஆறேழு மாதம்தான் ஆகியிருந்தது, அதன் வழியாகவே பேக்ஸும் போய்விடும் என்றுதான் அவனும் நேற்றுவரை நினைத்திருந்தான். போகாது. பச்சை விளக்கை மினுக்கிக்கொண்டு மேஜையில் உட்கார்ந்திருக்கும் அந்தப் புது மோடத்துக்கு ஒரு போன் நம்பரைக் கூப்பிடத் தெரியாது. பேக்ஸ் என்பது எப்படிப் பார்த்தாலும் ஒரு போன் பேச்சு, இந்தப் பக்கம் ஒரு மெஷின் கீச்சென்று கத்த அந்தப் பக்கம் இன்னொன்று பதிலுக்குக் கத்தும், அதற்குக் கம்ப்யூட்டரின் வயிற்றுக்குள் தூசி பிடித்துக் கிடந்த பழைய டயல்-அப் கார்டுதான் வேண்டும். அதைத் தேடிப் பிடித்து, பழைய வயரையும் தேடிப் பிடித்து, சுவரில் இருந்த போன் பாயிண்டில் நேராகச் செருகியிருந்தான். கோவா எடுத்தது, கத்தியது, இதுவும் கத்தியது, பிறகு இரண்டும் ஒன்றையொன்று புரிந்துகொள்ள முடியாமல் விட்டுவிட்டன. ஏன் என்று யோசிக்க ஆரம்பித்த மாத்திரத்தில் அவனுக்கு விடை தெரிந்துவிட்டது. ஒரே கம்பியில் பேச்சும் இன்டர்நெட்டும் சேர்ந்து வருகின்றன, இரண்டையும் பிரித்துவிடத்தான் லைன்மேன் சுவரோரமாக அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை மாட்டிவிட்டுப் போனான், இவன் அந்தப் பெட்டிக்கு முன்னாலேயே வயரைச் செருகிவிட்டான், இன்டர்நெட்டின் இரைச்சல் முழுவதும் பேக்ஸுக்குள் போயிருக்கும். பெட்டிக்குப் பின்னால், போன் என்று எழுதியிருக்கிற துளையில் செருகினால் போய்விடும். குனிந்து ஒரு வயரை மாற்றினால் போதும். இது அவனுக்கு மட்டும்தான் தெரியும். எமரன்சியாவுக்குத் தெரியாது, அவளுக்கு இந்த வயர் சமாச்சாரமெல்லாம் ஆகாது, ‘போகல, லைன்ல ஏதோ கோளாறு’ என்றால் போகல என்றுதான் எடுத்துக்கொள்வாள், அவள் நாளைக்குக் கோவாவுக்குப் போன் போட்டுக் கெஞ்சுவாள், அவர்கள் நேற்றோடு முடிந்துவிட்டது மேடம் என்பார்கள். அடுத்த பெயரைக் கூப்பிடுவார்கள். அடுத்த பெயர் யாருடையது? அவனுக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லிக்கொண்டான், ஆனால் அந்த அடுத்த பெயருக்கு மூன்று வாரமாக அவன் மனசுக்குள் ஒரே ஒரு முகம்தான், அது கண்ணாடியில் தாடி மழிக்கும் முகம்.

குனிந்தான். தூசி, ஒரு ஹேர்பின், எமரன்சியாவின் ஹேர்பின், எங்கே பார்த்தாலும் அவள். வயரை மாற்றிச் செருகிவிட்டு அப்படியே தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்துகொண்டான், சில்லென்று இருந்த தரை எரிகிற கண்ணுக்கு நல்லதுபோல் தோன்றியது, கண்ணுக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம், ஒன்றுக்கும் ஒன்றுக்கும் என்ன சம்பந்தம். எம்.எஸ்ஸியில் அவன் முதல் ரேங்க். அவள் நான்காவதோ ஐந்தாவதோ. அதைச் சொல்லிக் காட்டியதில்லை, ஒருநாளும் இல்லை, அதனாலேயே அது உள்ளுக்குள் இத்தனை வருஷமும் புதிதாகவே இருந்தது. அவளுக்கு அதெல்லாம் ஞாபகமே இருக்காது, அவள் எதையும் அப்படி எண்ணி வைத்துக்கொள்கிறவள் இல்லை, ஏதோ கேட்டார்கள் எழுதினேன், ஏதோ கூப்பிட்டார்கள் போனேன், அப்படித்தான் அவளுக்கு எல்லாம் வந்து சேரும், மீன் விற்கிறவள்கூட அவளுக்கு ஒரு மீன் சேர்த்துப் போடுவாள், இவன் போனால் செவுளைத் திறந்து காட்டச் சொல்லிக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டும். நேர்முகத் தேர்வுக்கு இரண்டு பேரும் ஒரே ரயிலில்தான் போனார்கள். வழியெல்லாம் அவள் தூங்கினாள். இவன் தூங்காமல் மனப்பாடம் செய்தான். உள்ளே போய்விட்டு வந்து ‘என்ன கேட்டாங்கன்னே மறந்து போச்சு, சிரிச்சுக்கிட்டே இருந்தாங்க’ என்றாள். இவனிடம் யாரும் சிரிக்கவில்லை. இவன் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னான். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னதுதான் தப்போ. பிளஸ் ஒன் படிக்கிற மகள் செரின் பாளையங்கோட்டை ஹாஸ்டலில் இருந்து போன் பண்ணி, அம்மாவா பெங்குவின் பார்க்கப் போறாங்க, எங்க அம்மாவா, என்று கூச்சல் போட்டாள், அந்தக் கூச்சல் ரிசீவரைத் தாண்டி அடுத்த அறைவரை கேட்டது, அப்பாகிட்டக் குடு என்று சொல்லி, ‘நீங்க பாவம்ப்பா, தனியா இருக்கணுமே’ என்றாள். பாவம். அந்த வார்த்தை அன்றைக்கு இரவுச் சோற்றில் கல்லாகக் கிடந்தது.

எழுந்து தாள்களை மறுபடி ஸ்கேனரில் வைத்தான். ஒவ்வொரு தாளாக வெளிச்சம் அடியில் ஊர்ந்து போயிற்று. முதல் தாள், வருகிறேன் என்று அவள் ஒப்புக்கொண்டது, கீழே கையெழுத்து, ஓடுகிற கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு வால். இரண்டாவது, டாக்டர் கொடுத்த சான்று, ரத்தம் சரி, இதயம் சரி, பல்கூடச் சரி, எல்லாம் சரி. மூன்றாவது, அவள் பெயரில் வந்த ஆய்வுக் கட்டுரையின் முதல் பக்கம், அதில்தான் அந்தக் கால்கள். ஊசிமுனை அளவுகூட இல்லாத ஒரு உயிரி, மணப்பாடு கடலில் அவள் வலையில் அகப்பட்டது, அதன் ஐந்தாவது ஜோடிக் கால்கள் வேறு எதிலும் இல்லாதபடி வளைந்திருப்பதைக் கண்டவள் அவள், சரி, கண்டவள் அவள்தான், ஆனால் அந்தக் கால்களை வரைந்தவன் யார்? மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணும் தாளில் ஒரு கண்ணுமாக, மயிர் மயிராக, முள் முள்ளாக, ஒரு மழைக்காலம் முழுக்க. அதனால்தான் இரண்டாவது பெயராக அவன் பெயர். இரண்டாவது. படம் இல்லாவிட்டால் அந்தக் கட்டுரையை எவன் நம்பியிருப்பான், வார்த்தையில் ஒரு காலை எப்படி வளைக்க முடியும். தேர்வுக்குழுவில் இருந்த டாக்டர் பட்வர்தன் ஒருநாள் வீட்டுக்குப் போன் செய்தார். இவன்தான் எடுத்தான். பழச்சாறு மாதிரி ஒரு குரல். எமரன்சியா இருக்கிறார்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார், அந்தப் பெயரை இந்த ஊரில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, நடுவில் ஒரு இடத்தில் நின்று ருசி பார்த்துவிட்டுச் சொன்னார். பிறகு, ‘ஓ, நீங்கள்தான் படம் வரைகிறவரா? அழகாக வரைகிறீர்கள்’ என்றார். படம் வரைகிறவர். அவருக்கு முன்னால் மேஜையில் தொபியாஸின் விண்ணப்பமும் கிடந்திருக்கும், பதினெட்டு வருஷ வேலை, கட்டுரைகள், பாடம் எடுத்தது, கரைவலைக்காரர்களோடு அலைந்தது, எல்லாம் கிடந்திருக்கும், படம் வரைகிறவர். அவளிடம் கொடுத்தான். அவள் ரிசீவரைத் தோளில் இடுக்கிக்கொண்டு, சுருட்டை வயரை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு பேசினாள், சிரித்தாள், ‘நோ நோ, சார்’ என்று சிரித்தாள், எதற்கு நோ என்று இவனுக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை, அன்றிலிருந்து அந்த நோ நோ காதுக்குள் கொசு மாதிரி. நான்கு மாதம். ஒரே கப்பல். சுற்றிலும் ஐஸ்.

நம்பரை அழுத்தினான். கம்ப்யூட்டருக்குள் இருந்து டயல் டோன், எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடின, மணி அடித்தது, கோவா எடுத்தது. கீ என்று அது, கீ என்று இது, கர்ர் என்று இரண்டும் சேர்ந்து, பிறகு சட்டென்று அமைதி. புரிந்துகொண்டுவிட்டன. முதல் பக்கம் போகிறது என்று திரையில் எழுத்து வந்தது. போகட்டும். அவன் கையைக் கட்டிக்கொண்டான். முதல் பக்கம் போயிற்று. இரண்டாவது பக்கம், ரத்தம், இதயம், பல், தூத்துக்குடியில் இருந்து கம்பி வழியாக மலைகளைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கின்றன, அவளுடைய பல் அங்கே ஏதோ ஒரு மெஷினில் இருந்து சூடாக வந்து விழுகிறது, பட்வர்தன் எடுத்துப் பார்ப்பாரோ. பார்த்தால் என்ன. கழுத்தில் வியர்வை ஊர்ந்தது. மூன்றாவது பக்கம் என்று எழுத்து மாறியது. கால்கள். அவன் வரைந்த கால்கள் கோடு கோடாக நறுக்கப்பட்டு அந்த ஆளிடம் போகின்றன, அவள் கப்பலுக்கு ஏறும் படிக்கட்டு இந்தக் கால்கள்தான், வரைந்தவன் இங்கே கண்ணில் பீளையோடு உட்கார்ந்து அதை அனுப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கிறான், நல்ல வேலை, நல்ல புருஷன், பாவம்ப்பா நீங்க. எழுந்தது தெரியவில்லை. கூடத்துக்கு நடந்தது தெரியவில்லை. அதே லைனில் இருக்கும் போன் ரிசீவரைக் கையில் எடுத்தபோதுதான் எடுத்திருப்பது தெரிந்தது. காதில் வைத்தான். உலோகத்தைத் தகரத்தில் தேய்ப்பதுபோல் ஒரு இரைச்சல், அதற்குள் கால்கள் ஓடிக்கொண்டிருந்தன, இவன் மூச்சுவிட்டான், ‘ஹலோ’ என்றான், ஏன் ஹலோ என்றான், இரைச்சல் தடுக்கி விழுந்தது, எழுந்திருக்கப் பார்த்தது, நின்றுவிட்டது. அறைக்குள்ளிருந்து கம்ப்யூட்டர் டிங் என்றது. அவ்வளவுதான். ஒரு பேக்ஸைக் கொல்ல ஒரு ஹலோ போதும். ரிசீவரை வைத்துவிட்டுக் கையைப் பார்த்தான். கை நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

போன் அந்தக் கைக்குக் கீழேயே அடித்தது. தூக்கிவாரிப் போட்டது.

‘என்னங்க, எவ்வளவு நேரமா என்கேஜ்டாவே இருந்துது?’ எமரன்சியா. பின்னால் பிராக்டிக்கல் பரீட்சைப் பிள்ளைகளின் சலசலப்பு. பக்கத்தில் ஆள் இருந்தால் அவள் ‘நீங்க’ போட்டுப் பேசுவாள்.

‘பேக்ஸ் போய்க்கிட்டிருந்துது.’

‘போயிருச்சா?’

‘இல்ல. பாதியில நின்னுருது. லைன் சரியில்ல.’

அவன் காத்திருந்தான். ஐயோ என்பாள், இப்ப என்ன செய்ய என்பாள், பதறுவாள், அந்தப் பதற்றம் வேண்டும் என்று அவன் உள்ளங்கை எல்லாம் அரித்தது.

‘சரி, விடுங்க’ என்றாள். ‘போனா போகட்டும், போகாட்டி பாத்துக்கலாம். கண்ண வச்சுக்கிட்டு கம்ப்யூட்டர் முன்னாலயே உக்காந்திருக்காதீங்க. சொட்டு மருந்து விட்டீங்களா?’

‘விட்டேன்.’

‘சாப்டீங்களா? கொழம்பச் சுட வச்சீங்களா?’

‘ம்.’

‘நாலு மணிக்கு மேல வாரேன்.’ வைத்துவிட்டாள்.

பாத்துக்கலாம். என்ன பாத்துக்கலாம்? அவன் அங்கேயே நின்றான். மூன்று வாரமாகத் தூக்கத்தில்கூட அந்தக் கப்பலில் இருக்கிறவள், இன்று சாயங்காலம் கடைசி, போகவில்லை என்கிறான் புருஷன், அவள் குழம்பைப் பற்றிக் கேட்கிறாள். கவலையே இல்லை. குரலில் ஒரு மயிரிழைகூட ஆடவில்லை. எப்படி ஆடாமல் இருக்கும், யாருக்கு ஆடாது, யாருக்குப் பின்னால் ஒரு ஆள் இருக்கிறாரோ அவர்களுக்குத்தான் ஆடாது. பட்வர்தன். அதானே. பேக்ஸ் வராவிட்டாலும் அவர் பார்த்துக்கொள்வார். சொல்லியிருப்பார், எமரன்சியா, தாளெல்லாம் சும்மா ஒரு சடங்கு, உங்கள் இடத்தை நான் வைத்திருக்கிறேன் என்று அந்தப் பழச்சாற்றுக் குரலில், அதற்குத்தான் அந்த நோ நோ சார், ஐயோ அவ்வளவெல்லாம் வேண்டாம் சார் என்கிற நோ நோ. அப்படியானால் இவன் ரிசீவரை எடுத்ததால் யாருக்கு என்ன நஷ்டம், ஒன்றும் இல்லை, நாளை காலை போன் வரும், கவலைப்படாதே நான் பேசிவிட்டேன் என்பார், அவள் அந்தச் சுருட்டை வயரை விரலில் சுற்றிக்கொண்டு தேங்க் யூ சார் தேங்க் யூ சார் என்பாள், கண்ணில் தண்ணீர்கூட வரும் அவளுக்கு, நன்றி என்றால் சட்டென்று கலங்கிவிடுவாள், அந்த நன்றியோடு கப்பல் ஏறுவாள், நான்கு மாதமும் அந்த நன்றியோடேயே ஒரு மேஜையில் சோறு தின்பாள். அந்த ஆள் வாங்கிக் கொடுத்த கப்பல். வீட்டில் புருஷன் இருந்தும் ஒரு பேக்ஸ் அனுப்பத் துப்பில்லாமல் போனபோது அந்த ஆள் தூக்கிவிட்ட கப்பல். செரினுக்குக்கூடச் சொல்வாள், பட்வர்தன் சார் மட்டும் இல்லன்னா என்று. இல்லை. அது மட்டும் நடக்கக் கூடாது. அவள் போகட்டும், எங்கே வேண்டுமானாலும் போகட்டும், தென்துருவத்தைத் தாண்டி மறுபக்கம்கூட விழட்டும், ஆனால் இந்த வீட்டில் இருந்து போகட்டும், இந்தக் கம்பி வழியாகப் போகட்டும், இந்தக் கையால் போகட்டும். அந்த ஆளுக்குக் கொடுக்க ஒன்றும் மிச்சம் இருக்கக் கூடாது.

ஓடிப் போய் உட்கார்ந்தான். ஐந்து பக்கத்தையும் மறுபடி அடுக்கினான், மறுபடி அழுத்தினான். கோவா என்கேஜ்ட். யார் இந்த நேரத்தில் அங்கே பேக்ஸ் அனுப்புவது, எந்த ஊரில் எந்தப் புருஷன். மறுபடி. என்கேஜ்ட். கடிகாரத்தைப் பார்க்கக் கூடாது என்று பார்த்தான். கண்ணில் நீர் வழிந்து திரை கலங்கலாகத் தெரிந்தது, நோயால்தான், நோயால்தான் என்று துடைத்தான். மறுபடி. மணி அடித்தது. எடு, எடு சனியனே. கீ. கர்ர். அமைதி. ஒரு கொசுகூடப் பக்கத்தில் வரக் கூடாதுபோல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் பக்கம். இரண்டாவது. மூன்றாவது பக்கம் என்று வந்தபோது எழுந்து கூடத்து வாசலில் போய் நின்றுகொண்டான், போனுக்கும் தனக்கும் நடுவில் தானே காவல் நிற்பதுபோல், வாசலில் மணி அடித்தால், யாராவது போனை எடுத்தால், யார் எடுப்பார்கள், இந்த வீட்டில் எடுக்கிறவன் ஒருத்தன்தான். கால்கள் போய்விட்டன. நான்காவது பக்கம் நெருங்கிய உறவினர் ஒப்புதல். அபாயம் ஏதும் நேர்ந்தால் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்ற இடத்தில் அவன் பெயர், அவன் கையெழுத்து. முந்தாநாள் போடும்போது ஒன்றும் தோன்றவில்லை, பேனா எழுதவில்லை என்று உதறியதுதான் ஞாபகம். இப்போது அந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கும்போது அபாயம் என்ற வார்த்தை தனியாக எழுந்து நின்றது. அலைகள் வீடு உயரம் எழும் என்று படித்திருக்கிறான். போன் வரும், இந்தப் போனுக்குத்தான் வரும். நிறுத்திவிடலாமா? இப்போது நிறுத்தினால் அது பொறாமையா, பயமா? பயம் என்று சொல்லிக்கொள்ளலாம், அழகாக இருக்கும், ஆனால் அவன் கையை அவன் நம்பத் தயாராயில்லை, இரண்டு கையையும் கதவு நிலையில் ஊன்றிக்கொண்டான். நான்காவது போயிற்று. ஐந்தாவது, பாஸ்போர்ட் நகல், அவள் முகம், கறுப்பும் வெள்ளையுமாக, காது இரண்டும் தெரிய, சிரிக்காமல். அதுவும் போயிற்று. அனுப்பப்பட்டது என்று திரை சொன்னது.

உட்கார்ந்தான். ஒன்றும் நடக்கவில்லை. பழைய பேப்பர்க்காரன் அடுத்த தெருவில் கத்துவது கேட்டது. தான் நல்லவன் என்ற நினைப்பு மெல்ல ஊறி வந்தது, உண்மையில் எதற்காக அனுப்பினோம் என்பது மறைந்து, அனுப்பிவிட்டோம் என்பது மட்டும் மேலே மிதந்தது, எமரன்சியா வந்து போச்சா என்று கேட்பாள், சாதாரணமாகச் சொல்ல வேண்டும், என்னமோ போராடி அனுப்புனேன், வெள்ளைப் பெட்டி, இன்டர்நெட் இரைச்சல், வயர், எல்லாம் விளக்க வேண்டும், இல்லை, விளக்கவே வேண்டாம், போயிருச்சு என்று ஒரு வார்த்தை, அதுதான் கம்பீரம். இதை நினைத்துக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கோவா அலுவலகத்தில் இருந்து ஒரு பெண். ஆங்கிலத்தில், அவசரமாக, ஆனால் மரியாதையாகப் பேசினாள். மேடத்தின் தாள்கள் இப்போது மறுபடியும் வந்திருக்கின்றன, இதில் ஏதாவது மாற்றம் இருக்கிறதா, அல்லது காலையில் வந்தவையேதானா, எதைக் கோப்பில் வைக்க?

‘காலையிலா?’ என்றான்.

ஆமாம், அலுவலகம் திறந்த உடனே வந்தது, தூத்துக்குடியில் இருந்துதான், மேலே ஏதோ ஒரு ஜெராக்ஸ் கடையின் பெயர் இருக்கிறது, ஐந்து பக்கமும் தெளிவாக இருக்கிறது என்றாள். ‘மாற்றம் இல்லை. எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள்’ என்றான். தேங்க் யூ என்றான். வைத்தான்.

எப்போது நகல் எடுத்தாள், எந்தக் கடை, பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கமா, மாதா கோயில் பக்கமா. கடை அப்போதுதான் ஷட்டரைத் தூக்கியிருக்கும். அவள் பையில் இருந்து தாள்களை எடுத்து நீட்டியிருப்பாள், அண்ணாச்சி இது கொஞ்சம் கவனமா அனுப்புங்க என்றிருப்பாள், அவன், அந்த முகம் தெரியாதவன், இங்க் பட்ட விரலால் வாங்கியிருப்பான், அவனை நம்பியிருக்கிறாள். அவன் ஹலோ சொல்லமாட்டான். அவனுக்கு முதல் ரேங்க் கிடையாது, விண்ணப்பம் கிடையாது, அவனுக்கு இது ஐந்து தாள். பட்வர்தனை மறந்து அந்தக் கடைக்காரன்மேல் தொபியாஸுக்கு எரிந்தது, அப்படி ஒரு எரிச்சல், போய் அந்த ஷட்டரை இழுத்துச் சாத்தலாம்போல, தன் பெண்டாட்டி தன் எதிரில் காட்டாத ஒரு நம்பிக்கையை காலையிலேயே அவனிடம் அவிழ்த்துக் காட்டிவிட்டதுபோல. தன்னைப் பற்றி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நாளாக? தபாலாபீஸ் வாசலில் கரும்புச்சாறு குடிக்கும்போதே தெரிந்திருக்குமோ. தெரிந்துகொண்டே குழம்பைப் பற்றிக் கேட்டிருக்கிறாள். போகல என்று சொல்லிப் பார்க்கலாமா, அவள் வந்ததும்? லைன் கடைசிவரை சரியாகவே இல்லை என்று சொல்லிவிட்டு அவள் முகத்தில் என்ன ஓடுகிறது என்று பார்க்கலாம். பரவாயில்ல என்பாள். இரக்கத்தோடு, ஒரு நோயாளியிடம் சொல்வதுபோல் சொல்வாள். அதைத் தாங்க முடியாது. அதையும் தாங்க முடியாது, எதையும் தாங்க முடியாது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்று தெரியவில்லை, கேட் கொக்கி சத்தம் கேட்டது.

அவள் உள்ளே வந்து, செருப்பைக் கழற்றாமலேயே அறை வாசலில் நின்றாள். கம்ப்யூட்டரைப் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். ஃபார்மலின் வாடை அடித்தது.

‘போயிருச்சு’ என்றான். ‘அஞ்சும்.’

அவள் முகம் சந்தோஷப்படவில்லை. ஏதோ ஒன்று தளர்ந்து கீழே இறங்கியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், பை தோளிலேயே இருந்தது.

‘நான் காலைலயே ஒண்ணு அனுப்பிட்டேன், தொபி.’

‘தெரியும். கோவாலேந்து போன் வந்துது.’

அவள் பையின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள்.

‘பெறகு எதுக்கு எங்கிட்டச் சொன்ன?’ என்று கேட்டான். ‘நான் அனுப்புதனா இல்லையான்னு பாக்கவா?’

‘இல்ல.’ நிமிர்ந்தாள். ‘சத்தியமா அதுக்கில்ல. உங்கிட்டச் சொல்லாம அனுப்புனா உன்ன ஒதுக்குன மாதிரி இருக்கும். உங்கிட்ட மட்டும் குடுத்து, நீ அனுப்பாம விட்டா…’ நிறுத்தினாள். ‘விட்டா நான் வாழ்நாள் முழுக்க உன்ன மன்னிக்க மாட்டேன். எனக்குத் தெரியும். அதான் முதல்ல நான் அனுப்பிட்டேன். நீ என்ன செஞ்சாலும் உம் மேல கோவமில்லாமப் போகணும்னு.’

‘மூணாவது பக்கத்துல போன எடுத்துக் கட் பண்ணுனேன். வேணும்னேதான்.’

‘ம்.’

‘அப்புறம் திரும்ப அனுப்புனேன். அதுவும் உனக்காக இல்ல. அந்தப் பட்வர்தன் பாத்துக்கிடுவாருன்னு நீ தைரியமா இருக்கன்னு நெனச்சு, அந்த ஆத்திரத்துல.’

‘பட்வர்தனா?’ அவள் கண்ணை அகல விரித்தாள். ‘அவரு எங்க கப்பல்ல வாராரு? ரெண்டு முட்டியும் போச்சு அவருக்கு, கரையில உக்காந்து எல்லாரையும் வைவாரு, அவ்வளவுதான். அன்னைக்கு போன்ல என் கட்டுரையில நாலு தப்புச் சொல்லித் தாளிச்சாரு. நோ சார், நோ சார்னு சிரிச்சே சமாளிச்சேன்.’ அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அது அழுகையாகி, புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ‘எனக்கும் பயமாத்தான் இருக்கு, தொபி. யாருகிட்டச் சொல்ல? உங்கிட்டச் சொல்ல முடியாம ஆயிப்போச்சே.’

பொறாமை போய்விடவில்லை. அதே இடத்தில், விலா எலும்புக்குக் கீழே, கைவைத்துக் காட்டலாம்போல் உட்கார்ந்திருந்தது. இந்த மூன்று வாரத்தில் அந்தக் கப்பலைப் பற்றி அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அவனுக்கு அப்போதுதான் உறைத்தது, அவளும் எதையும் சொன்னதில்லை, இரண்டு பேரும் ஒரு பெரிய கப்பலை வீட்டு நடுவில் நிறுத்திவைத்துவிட்டு அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டிருந்திருக்கிறார்கள்.

‘உன் ரூமுல ஜன்னல் இருக்குமா?’ என்று கேட்டான்.

அவள் சட்டென்று புரியாமல் பார்த்தாள். பிறகு, ‘வட்டமா ஒண்ணு இருக்குமாம்’ என்றாள். ‘பாதி நேரம் தண்ணிக்குள்ளதான் இருக்குமாம் அது.’

அவன் கண்ணுக்குள் பச்சைத் தண்ணீர் வட்டமாக ஏறி இறங்கியது. வலித்தது. நாற்காலியை அவள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு, ‘ம், சொல்லு’ என்றான்.